ஆறு மணி கோல்

ஜூலை 28

இரண்டு முறை துவைத்தும் கறுப்புச் சட்டையின் உப்பு போகவில்லை. அக்குளில் வெள்ளையாக ஒரு தீவுக்கூட்டம். கொடியில் காய்கிறது.

அம்மா சொன்னாள்: "சாவு வீட்டுக்குப் போற மாதிரி கறுப்பு. அதுல ஒரு விசிலு வேற. ஒன்ன எவன் கெட்டுவான்?"

"விசில் சத்தம் பிடிச்சவன்."

"சவத்த விடு. கஞ்சி ஆறுது, குடி."

இந்த வருடம் பள்ளி மாணவிகள் கால்பந்துக்குப் பெண் நடுவர்தான் வேண்டுமாம். எங்கள் பகுதியில் இரண்டு பேர் இருக்கிறோம். மற்றவளுக்குப் பிரசவ மாதம். ஆகவே எல்லா ஆட்டமும் எனக்கு.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய என் ஆய்வுத் திட்டம் இன்னும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. தலைப்பு மட்டும் இருக்கிறது: கவனம்.


ஆகஸ்ட் 1

இன்று ஒரு த்ரோவுக்கு இரண்டு பிள்ளைகள் சண்டை. "எங்க பாலு மிஸ்!" என்று இருவரும் ஒரே குரலில். இருவர் கண்ணிலும் நீர். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசித்திரம். பந்து யார் காலில் பட்டு வெளியே போனது என்பது அந்தந்தக் காலுக்கே தெரியவில்லை.

நான் மேற்குப் பக்கம் கை காட்டினேன். காட்டிய பிறகு அதுதான் நடந்தது என்று எனக்கே தோன்றிவிட்டது. கை முதலில். நம்பிக்கை பிறகு.

வேலிக்கு வெளியே ஒருவர் ஆட்டம் முழுவதும் கத்திக்கொண்டிருந்தார். "ரெஃப்ரி பிள்ளே, கண்ணாடி வாங்கித் தரட்டா?" முடிந்ததும் அவரே வந்து, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வாங்கிக் குடித்தேன். கத்தியதில் அவருக்கும் தாகம்.


ஆகஸ்ட் 4

அரையிறுதி வந்திருக்கிறது. மரியந்துறைக்கும் வெள்ளாங்கோணத்துக்கும். இடம், எங்கள் சர்ச் மைதானம்.

போட்டிக் குழுச் செயலாளர் ஞானசிகாமணி சாருக்குப் போன் செய்தேன். "சார், மரியந்துறை என் ஊர். நான் நிக்கக்கூடாது."

"வேற ஆளுக்கு நான் எங்க போவேன் டெல்பின்? நீ நியாயமா நடத்துவ. எனக்குத் தெரியாதா?"

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். இறுதிப் போட்டிக்கு மாநிலத்திலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார். என்னைப் பார்க்கத்தான். தேறினால் மாநிலப் பட்டியல். எங்கள் கரையிலிருந்து பெண் யாரும் அதில் இல்லை. "அரையிறுதி சுத்தமா முடியட்டும். அவ்வளவுதான் கேக்கேன்."

அம்மாவிடம் சொல்லவில்லை. விசிலை மட்டும் சுடுநீரில் போட்டுக் கழுவினேன்.


ஆகஸ்ட் 6

மைதானம் பார்த்தேன். மேற்கே கடல், கிழக்கே சர்ச். நடுவில் கிடைத்த இடத்தில் போட்ட மைதானம். மாலையில் மேற்குக் கோலைப் பார்த்து ஆடுபவர்களுக்கு வெயில் கண்ணைக் குத்தும். கிழக்குக் கோல் மணிக்கூண்டின் காலடியில் இருக்கிறது. வலைகளை யாரோ மீன்வலை நூலால் தைத்திருக்கிறார்கள். விரலை விட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

வெள்ளாங்கோணத்துப் பயிற்சியாளர் பத்மகுமார் மாஸ்டர் போனில் சிரித்தார். "ஒங்க ஊரு கிரவுண்டு, ஒங்க ஊரு ரெஃப்ரி, ஒங்க ஊரு காத்து. ஒரு கோலாவது எங்களுக்கு விடுவியளா?"

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகும் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவ வேண்டியிருந்தது.


ஆகஸ்ட் 7

வெள்ளாங்கோணம் 2, மரியந்துறை 1.

அவர்கள் பஸ் தாமதமாக வந்தது. ஆட்டம் ஆறு மணிவரை இழுத்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது சர்ச் மணி அடித்தது. நம் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

திருத்தம்: மரியந்துறைப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

மணி அடித்தால் நிற்பது இங்கே வழக்கம். காலை, மதியம், மாலை. நடக்கிறவர்கள் நிற்பார்கள், கருவாடு கூடைக்காரி கூடையை இறக்குவாள், கண்ணை மூடி ஒரு சின்ன செபம், பிறகு விட்ட இடத்திலிருந்து. வெள்ளாங்கோணத்துக்கு இது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. விசில் அடிக்காதவரை ஆட்டம். நான் விசில் அடிக்கவில்லை. பந்து கிழக்குக் கோல் வலைக்குள். நடுக்கோட்டைக் காட்டிக் கோல் கொடுத்தேன். உடனே, தயங்காமல்.

சூரியன் கண்ணில் அடித்தது. மற்றபடி எல்லாம் தெளிவு.

கோல் அடித்த ஒன்பதாம் எண் துள்ளவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் ஷார்ட்ஸில் துடைத்துக்கொண்டு நின்றாள். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.


ஆகஸ்ட் 8

கடற்கரையில் மீன் வாங்கப் போனேன். பெர்பெச்சுவா மாமி தராசைத் தூக்கியபடியே கேட்டாள்: "ரெஃப்ரியம்மாவுக்கு எந்த ஊரு மீனு வேணும்? வெள்ளாங்கோணத்துல கடல் உண்டா பிள்ளே?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எடை சரியாகத்தான் போட்டாள்.

சாயங்காலம் லிஜியா வந்தாள். மரியந்துறைக் கோல் கீப்பர். பதினோராம் வகுப்பு. அம்மா கொடுத்த காப்பியை வாங்கவில்லை.

"யக்கா, மணி அடிச்சா நிக்காண்டாமா?"

"விசிலுக்குத்தான் நிக்கணும் மக்ளே. சட்டம் அப்படி."

"சரி, நிக்காண்டாம். ஆனா நா கண்ணத் தொறக்கியேன், பந்து எனக்க பொறத்த கெடக்கு. எப்படி வந்துன்னு எனக்குத் தெரியாண்டாமா? காலால அடிச்சாளா, தலையால அடிச்சாளா? இடதுபக்கமா, வலதுபக்கமா? ராத்திரி பூரா நெனச்சுப் பாக்கேன். வரவே மாட்டேங்குது."

"ஒன்பதாம் நம்பர். காலால."

"எந்தக் காலு?"

வலது என்றேன்.

அவள் தலையாட்டினாள். இறுதிப் போட்டி ஆடியிருந்தால் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அவளைப் பார்த்திருப்பார்கள். அதைச் சொல்ல வரவில்லை அவள். எப்படி வந்தது என்று கேட்கத்தான் வந்திருந்தாள். வாசலில் நின்று வலது காலை மெதுவாக வீசிப் பார்த்தாள். பிறகு போனாள்.


ஆகஸ்ட் 9

கிழக்குப் பாதியில் கொடி பிடித்த லைன்ஸ்மேன் சூசைநாயகம் சார். பக்கத்துக் கரைக்காரர், பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். பூசை முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஒனக்கு என்ன வெப்ராளம் மக்ளே, மொகம் இப்படிக் கெடக்கு?"

"அந்த கோல், சார். எனக்கு வெயில் கண்ணுல அடிச்சிட்டு. நீங்க நல்லா பாத்தியளா?"

சைக்கிளை நிறுத்தினார். "கிழக்கு கோலுல்லா அது. வெயிலு ஒனக்க முதுகுலல்லா நின்னுது?"

நான் மேற்கே திரும்பிப் பார்த்தேன்.

"நான் பாத்தேனான்னா கேக்க?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொடிய கக்கத்துல சொருவிட்டு நெத்தியில சிலுவை போட்டேன். அடுத்த கொடிக்காரன் மேக்கு பாதியில கெடக்கான், அவனும் அப்படித்தான் நின்னிருப்பான். கண்ணத் தொறந்தா நீ நடுக்கோட்டக் காட்டிட்டு ஓடுத. சரி, இவ பாத்திருக்கான்னு நெனச்சேன்."

பிறகு சிரிப்பு போய்விட்டது. சைக்கிள் பெல்லைத் துடைத்தார்.

"பைய இரு. யாரும் கேக்க மாட்டான். கேட்டாத்தான தெரியும்?"


ஆகஸ்ட் 10

வெயில் இல்லை. கண் மூடியிருந்தது.


ஆகஸ்ட் 11

சோதனை. மதிய மணிக்குக் காத்திருந்தேன், கையில் மீன் சட்டி, சாம்பல். கண்ணைத் திறந்தே வைத்திருப்பது என்று முடிவு. முதல் அடி விழுந்தது. கை நின்றது. இரண்டாவது அடிக்குள் இருட்டு.

எப்போது மூடினேன்? அந்தக் கணத்தைப் பிடிக்க முடியவில்லை. தூக்கம் வரும் கணத்தைப் பிடிக்க முடியாததுபோல. செபம் சொல்வதைக் கல்லூரி முதல் வருடமே விட்டாயிற்று. கண்ணுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை, அவள் கண்ணும் மூடித்தான் இருந்திருக்கும். திறந்த பிறகு பார்த்தாள்.

பிறகு சும்மா விசாரித்தேன். டீக்கடை, வலைக்கூடம், பெர்பெச்சுவா மாமி. அந்த கோலை யார் பார்த்தீர்கள்? எல்லாரும் கோபமாகப் பேசினார்கள், விவரமாகப் பேசினார்கள். ஆனால் மணி அடித்ததற்கும் பந்து வலையில் கிடந்ததற்கும் நடுவில் ஒருவரிடமும் ஒன்றுமில்லை. வேலியைச் சுற்றி அவ்வளவு கூட்டம். ஒரு பந்து அத்தனை பேர் நடுவில் தனியாக இருந்திருக்கிறது.

கண் திறந்திருந்தவர்கள் அந்த பஸ்ஸில் வந்தவர்கள் மட்டும்.

மைதானத்து ஓரத்தில், ஆட்டக்காரர்கள் சாக்ஸுக்குள் வைக்கிற கால் காப்பு ஒரு ஜோடி கிடைத்தது. உள்பக்கம் பேனாவால் எழுதியிருக்கிறது: சுபிஷா, 9.


ஆகஸ்ட் 12

கால் காப்பைக் கொடுக்கப் போனேன். அதற்குத்தான் போனேன் என்று பஸ்ஸில் இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

வெள்ளாங்கோணம் பள்ளி மைதானத்தைச் சுற்றி ரப்பர் மரங்கள். கடல் வாசனை கிடையாது. சுபிஷா தனியாகச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண். இடது காலால் அடித்தாள். திரும்பத் திரும்ப இடது கால்.

என்னைப் பார்த்ததும் பந்து அவளைத் தாண்டி ஓடியது.

"மிஸ்... நீங்களா?"

கால் காப்பைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அவள்தான் முதலில் பேசினாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டா? ஏசப்புடாது."

"கேளு."

"அன்னைக்கு நீங்க தூங்கிட்டியளா?"

சிரிப்பு வந்தது எனக்கு. அவள் சிரிக்கவில்லை.

"மணி அடிச்சுதா. ஒடனே எல்லாரும் அப்படியே நின்னுட்டாவ மிஸ். எனக்க முன்ன நின்னவ, கோலி, வெளிய நின்ன ஆளுவ, எல்லாரும். நா பயந்துட்டேன். யாரோ செத்துட்டாவன்னு நெனச்சேன். ஒங்களப் பாத்தேன். நீங்களும் கண்ண மூடிட்டு நிக்கிய. அப்ப ஆட்டம் நிறுத்தியாச்சுன்னுதானே அர்த்தம்?"

"பிறகு?"

"பந்தக் கையில எடுத்துட்டேன்."

அவள் எடுத்துக் காட்டினாள், பந்தே இல்லாமல். இரண்டு கையாலும், வயிற்றோடு சேர்த்து.

"மரியாதையா நிப்பம்னு நெனச்சு எடுத்தேன். அப்ப மாஸ்டரு, 'லேய், கீழ போட்டு அடி! அடி!'ன்னு சத்தம் போட்டாரு. கீழ போட்டேன். அடிச்சேன். பைய உருண்டுதான் போச்சு. அந்தக் கோலி கைய நீட்டியிருந்தாக்கூட போதும்." கையை ஷார்ட்ஸில் துடைத்தாள். "ஸ்கூல்ல பிரேயர்ல எனக்க பேரச் சொல்லிக் கை தட்டுனாவ."

ரப்பர் மரத்தில் எங்கோ காய் வெடித்தது.

"மிஸ், அது கோலுதானா?"

"நான் கொடுத்தாச்சு."

"தந்திய, சரி. என்னத்தப் பாத்துத் தந்திய?"

வலையை, என்றேன்.

அவள் யோசித்தாள். பரீட்சைத் தாளில் விடை தவறாகத் திருத்தப்பட்டு மதிப்பெண் கூடிவிட்ட பிள்ளையைப் போன்ற முகம். சொல்லவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்காரவில்லை.


ஆகஸ்ட் 13

ஏன் அவ்வளவு வேகமாக நடுக்கோட்டைக் காட்டினேன்?

கண்ணைத் திறந்தேன், பந்து வலைக்குள், சுற்றிலும் அமைதி. ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் எனக்குக் கேட்டது போனில் வந்த பத்மகுமார் மாஸ்டரின் சிரிப்பு. ஒரு கோலாவது விடுவியளா. இரண்டு ஊரும் எனக்கு அந்நியம் என்றால் நின்றிருப்பேனா? சூசைநாயகம் சாரிடம் போய்க் கேட்டிருப்பேனா?

நியாயமானவள் என்று பெயர் வாங்குவதற்கான அவசரம். அதிலும் கை முதலில்.

சுபிஷா கையால் எடுத்தாள் என்று நான் எழுத முடியாது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காததை நடுவர் அறிக்கையில் எழுதக்கூடாது. எழுதினால் பதினாறு வயதுப் பெண்ணின் பேர் அதே பிரேயரில் வேறு மாதிரி வரும்.

நான் பார்த்ததை மட்டும் எழுதலாம். அதாவது, எதையும் பார்க்கவில்லை என்பதை.

எழுதினால் மதிப்பீட்டாளர் வரும்போது நான் மைதானத்தில் இருக்க மாட்டேன். எழுதாவிட்டால் லிஜியா வாசலில் நின்று வலது காலை வீசிக்கொண்டே இருப்பாள். பந்து வந்தது இடது காலிலிருந்து.

கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டேன். வேறு வேலை இல்லை.


ஆகஸ்ட் 14

ஞானசிகாமணி சார் முதலில் புரியாத மாதிரி இருந்தார்.

"ஆஃப்சைடா? ஃபவுலா? என்ன சொல்லுத நீ?"

"எதுவும் சொல்லல சார். பந்து வலைக்குப் போறத நான் பாக்கல. கண்ண மூடிட்டு நின்னேன்."

"தூசி விழுந்துதுன்னு எழுது."

"தூசி விழல. மணி அடிச்சுது."

மின்விசிறியை நிறுத்தினார், சத்தம் இல்லாமல் கேட்க. "டெல்பின், பாத்ததத் தப்பாச் சொன்ன ரெஃப்ரிக்குச் சட்டத்துல எடம் உண்டு. பாக்கவே இல்லன்னு சொல்லுத ரெஃப்ரிய நான் எந்தக் கட்டத்துல எழுத? இருவத்தெட்டு வருசமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒருத்தனும் இப்படி வந்து நின்னதில்ல."

"ஒருத்தரும் கண்ண மூடினதில்லையா சார்?"

அவர் விசிறியைப் போட்டார். அரையிறுதி மறுபடி ஆட வேண்டும், வேறு பகுதியிலிருந்து நடுவர் வருவார், ஆறு மணிக்கு முன்னால் முடிகிற மாதிரி வைப்பேன் என்றார். மதிப்பீட்டாளரிடம் என்ன சொல்வது என்று பிறகு பார்க்கலாம். "அடுத்த வருசம் பாப்போம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பாப்போம்" என்பதை மட்டும் இன்னொரு முறை சொன்னார்.

வெளியே வந்ததும் பசித்தது. நன்றாகப் பசித்தது.


ஆகஸ்ட் 15

சுதந்திர தினக் கொடியேற்றமும் மாதா திருநாளும் ஒரே நாளில். ஊர் முழுக்க மைக். பெர்பெச்சுவா மாமி பெரிய விளமீன் ஒன்றை வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாளாம். "நம்ம பிள்ள கடைசியில நமக்கு நின்னுட்டா" என்றாளாம்.

"நான் யாருக்கும் நிக்கல அம்மா."

"மணிக்கு நீ நின்னதுனாலதானே இவ்வளவு வெனையும்" என்றாள் அம்மா. மீனைக் கழுவினாள்.

மத்தியானம் போனில் பத்மகுமார் மாஸ்டர். இந்த முறை சிரிப்பு இல்லை. "கடைசியில ஊரு ஊருதான், என்ன மேடம்?"

"மாஸ்டர், அன்னைக்கு உங்க கண்ணு தொறந்துதானே இருந்துது?"

போன் வைக்கப்பட்டது.

குழம்பு நன்றாக இருந்தது. லஞ்சம் என்று நினைத்துக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டேன்.


ஆகஸ்ட் 17

மறு ஆட்டம். நான் வேலிக்கு வெளியே. சட்டை நீலம். கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, விசில் இல்லாமல்.

லிஜியா உள்ளே போகும்முன் என்னிடம் வந்தாள். "இடது காலு" என்று மட்டும் சொன்னேன். அவள் கண்கள் அகலமாயின. இடது காலை ஒரு முறை வீசிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

வெளியூர் நடுவர் நன்றாக நடத்தினார். எந்தப் பக்கம் யார் ஊர் என்று தெரியாத மனிதரின் ஓட்டம். பொறாமையாக இருந்தது. லிஜியா மூன்று பந்தைத் தடுத்தாள், அதில் ஒன்று சுபிஷாவின் இடது கால் பந்து, மூலையில், பாய்ந்து. தடுத்துவிட்டு வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆட்டம் முடிய கொஞ்சம் முன் ஒரு கார்னர். நெரிசலில் வேறொரு வெள்ளாங்கோணத்துப் பிள்ளை தலையால் தட்டினாள். உள்ளே. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். மரியந்துறை தோற்றது.

எனக்குப் பின்னால் யாரோ, "சவம், இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார்கள். பெர்பெச்சுவா மாமியாக இருக்கலாம். திரும்பவில்லை.

லிஜியா வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தாள். அழுதாள். ஆனால் அந்தப் பந்து எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

கூட்டம் கலைய மனமில்லாமல் நின்றது. வெள்ளாங்கோணத்து பஸ் ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கீழே இறங்கினார். ஆறு மணி ஆகிவிட்டது.

முதல் அடி.

கால் நின்றது. அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. கண்ணை மட்டும் பிடித்துக்கொண்டேன், வழுக்கும் மீனைப் பிடிக்கிற மாதிரி. இரண்டாவது அடி. மூடவில்லை. கண்ணீர் வந்தது, எரிச்சலால்தான்.

பிறந்ததிலிருந்து கேட்கும் மணி. இந்த நேரத்து ஊரை முதன்முறையாகப் பார்க்கிறேன். பெர்பெச்சுவா மாமியின் உதடு அசைகிறது, ஒரு பக்கமாக, பல் வலிக்கிறவளைப் போல. சூசைநாயகம் சார் சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். லிஜியா கோல் கம்பத்தில் நெற்றியை வைத்திருக்கிறாள். அம்மா எப்போது வந்தாள்? ஆட்டம் பார்க்க வருவதாகச் சொல்லவே இல்லையே. வேலியின் அந்தக் கோடியில், கையில் என் தண்ணீர் பாட்டில், கண் மூடி. எல்லார் முகமும் யாரும் பார்க்காதபோது இருக்கும் முகம். ஒரு காகம் மட்டும் நடுக்கோட்டில் நடந்தது.

பஸ் படியில் ஒரு காலும் மண்ணில் ஒரு காலுமாக சுபிஷா. கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

பார்த்தேன்.